பதினெட்டாம் நாள் வந்த பூஜ்யம்

நான் ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நின்றுகொண்டிருந்த நேரத்தில், நான் எழுதிய நிரல் கடையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் முந்நூறு முட்டைகளைக் குளிரவிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு இடத்திலும் குளிர்ச்சிதான். எனக்கு அது சுகமாக இருந்தது, முட்டைகளுக்கு இல்லை.

போன வாரம் நான் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார். நம் கருவிகளில் ஓடும் ஸ்கிரிப்ட் என்னும் துணை நிரலுக்குள் எக்ஸிட், அதாவது 'வெளியேறு', என்று எழுதினால் ஏன் இத்தனை கெடுபிடி, விதிமுறைக் குறிப்பில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஏன் சிவப்புக் கட்டம் என்று. அந்தப் பக்கத்தை எழுதியவன் நான்தான். படித்துத் தெரிந்துகொண்டு எழுதினேன் என்று அன்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது பொய். ஓய்வு பெற்றவனுக்கு இனி யாரும் மெமோ கொடுக்க முடியாது என்ற தைரியத்தில் இப்போது உண்மையை எழுதுகிறேன்.

நாம் முதன்முதலாகக் குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குக் கருவி செய்த சமயம் அது. பீரோ உயரத்துக்குத் தெர்மக்கோல் வைத்து அடித்த பெட்டி. உள்ளே முட்டைத் தட்டுகள், ஒரு ஹீட்டர், ஒரு ஃபேன், தட்டுகளைச் சாய்த்துச் சாய்த்துத் திருப்ப ஒரு மோட்டார். இவற்றையெல்லாம் ஆட்டிவைக்கும் முதன்மை நிரல் நம் கருவியில் இருந்தது. வெப்பம் அதன் பொறுப்பு. ஆனால் தட்டைத் திருப்பும் கணக்கு கோழிக்கு ஒரு மாதிரி, வாத்துக்கு ஒரு மாதிரி, காடைக்கு ஒரு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் முதன்மை நிரலைக் கிளறக் கூடாது என்று, அதற்குள்ளேயே ஒரு ஸ்கிரிப்ட் மொழியின் இன்டர்பிரட்டரை, அதாவது அந்த மொழியை வரிவரியாகப் படித்து நடத்தும் நிரலை, குடிவைத்தோம். மணிக்கு ஒருமுறை முதன்மை நிரல் அந்தச் சின்ன ஸ்கிரிப்டைக் கூப்பிடும். அது தட்டைத் திருப்பிவிட்டுப் போய்விடும். இதுவரை நல்ல யோசனைதான். இதுவரை உள்ளது என் யோசனை இல்லை என்பதும் ஒரு காரணம்.

முதல் பெட்டியை வாங்கியவர் சண்முகத்தாய். கடையத்தை அடுத்த ஊர், நாற்பது வயது இருக்கும், பேச்சில் நம்மை நிற்கவைத்து உரித்துவிடுவார். அவர் தெருவில் இருபத்திரண்டு வீடுகளில் நாட்டுக்கோழி வளர்க்கிறார்கள். கோழி அடைக்கு உட்காரும்வரை காத்திருக்க வேண்டாம், முட்டையை என்னிடம் தாருங்கள், குஞ்சாகத் திருப்பித் தருகிறேன் என்று அத்தனை வீட்டிலும் வாக்குக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு முட்டையிலும் எந்த வீட்டு முட்டை என்று பென்சிலால் எழுத்துப் போட்டுத்தான் அடுக்கினார். மிஷினில் வைத்தால் கூழாகப் போகும் என்று தெருவில் பாதிப் பேர் சொல்லிக்கொண்டேதான் கொடுத்தார்கள். கூழானால் நமக்கு ஒரு வாடிக்கையாளர் போவார், அவ்வளவுதான். அவர் இருபத்திரண்டு வாசலையும் தினமும் கடந்து தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும்.

பெட்டியை நிறுவிய அன்றே ஒரு குறை சொன்னார். ஹீட்டரும் மோட்டாரும் சேர்ந்து ஓடினால் வீட்டில் லைட் மங்குகிறது, ஃபியூஸ் போகிறது, அதனால் தட்டைத் திருப்பும்போது ஹீட்டரை நிறுத்துங்கள் என்றார். நான் சிரித்தேன். வயரிங்கை மாற்றாமல் நிரலை மாற்றச் சொல்கிறாரே என்று. பிறகு, சிரித்துக்கொண்டே, ஸ்கிரிப்டைக் கூப்பிடும் முன் ஹீட்டரை அணைத்து, அது திரும்பி வந்ததும் ஹீட்டரைப் போடும்படி இரண்டு வரி சேர்த்துக் கொடுத்தேன்.

கோழிமுட்டையைப் பதினெட்டாம் நாளிலிருந்து திருப்பக் கூடாது. குஞ்சு உள்ளே தலையை ஒதுக்கி, வெளியே வரத் தயாராகும் நேரம். ஆகவே என் ஸ்கிரிப்டில் ஒரு வரி: நாள் பதினெட்டு ஆகிவிட்டதா, வேலை முடிந்தது, எக்ஸிட், குறியீடு பூஜ்யம். குறை எதுவும் இல்லாமல் முடிந்தது என்பதைச் சொல்ல நிரல்கள் பூஜ்யம் கொடுக்கும். கோளாறு என்றால் வேறு எண். நாகரிகமாக விடைபெறும் ஸ்கிரிப்ட் என்று எனக்கு அதில் பெருமை வேறு. மடிக்கணினியில் அதைத் தனியாக ஓட்டிப் பார்த்தேன். நாள் எண்ணைப் பதினெட்டாக மாற்றினேன். அழகாக முடிந்து பூஜ்யம் சொன்னது. தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

பெட்டியோடு சேர்த்துப் பதினெட்டு நாள் ஓட்டிப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாளிலேயே எனக்குச் சலித்துவிட்டது.

அந்தப் பதினெட்டாம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல சாரல். தலை முழுக்க எண்ணெய் தேய்த்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்கு வண்டியை எடுக்கும்போது சண்முகத்தாய் கூப்பிட்டார். மணி எட்டு.

"அண்ணாச்சி, ஒங்க பொட்டி முப்பத்தேழரைன்னு காட்டுது. நான் உள்ள தொங்கவிட்டிருக்க கண்ணாடித் தெர்மாமீட்டரு முப்பத்திரெண்டுங்குது. எத நம்பட்டும்?"

மிஷினை நம்பும்மா, கண்ணாடியில் ஈரம் பட்டிருக்கும், பொய் சொல்லும் என்றேன்.

"இத்தன நாளும் ரெண்டும் ஒண்ணு போலத்தான சொல்லிச்சு. இன்னைக்கு மட்டும் அதுக்குப் பொய் சொல்லணும்னு என்ன தலையெழுத்து?"

நியாயமான கேள்வி. நான் பதில் யோசிக்காமல் கைபேசியில் நம் கண்காணிப்புப் பக்கத்தைத் திறந்தேன். பச்சை நிறம். நிலை: நலமாக முடிந்தது. குறியீடு: பூஜ்யம். அந்த 'முடிந்தது' என்ற சொல்லில் நின்று யோசித்திருக்க வேண்டும். முட்டை இன்னும் பொரிக்கவில்லை, எது முடிந்தது? ஆனால் பச்சையைப் பார்த்தவன் எழுத்தைப் படிப்பதில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் மனத்திருப்திக்கு ஒருமுறை ஸ்விட்சை அணைத்துப் போடுங்கள் என்றேன். போட்டார். ஹீட்டர் வேலை செய்ய ஆரம்பித்தது, கண்ணாடியும் ஏறுகிறது என்றார். பார்த்தீர்களா, என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அணைத்துப் போட்டதும் சரியானால் எது கெட்டிருந்தது என்ற கேள்வியை அருவிக்கரையில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டேன்.

வரிசையில் நின்று, குளித்து, மறுபடி வரிசையில் நின்று, மறுபடி குளித்து வெளியே வரும்போது மணி பதினொன்று. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த கைபேசியில் ஒன்பது தவறிய அழைப்புகள். ஒன்பதும் ஒரே பெயர்.

கடையம் வரை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. போய் இறங்கியபோது காதோரம் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. பெட்டியைச் சுற்றிப் போர்வையும் சாக்குமாகப் போர்த்தியிருந்தது. ஈரத்துக்காக அடியில் வைக்கும் தண்ணீர்த் தட்டில் கொதிநீர் ஊற்றி வைத்திருந்தார். கதவைத் திறக்காமல் அடித்தட்டை மட்டும் இழுத்து ஊற்றியிருக்கிறார். நான் படி ஏறியதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்க. நல்லாக் குளிச்சீங்களா?"

பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அணைச்சுப் போட்டா ஒரு மணி நேரம் ஒழுங்கா ஓடுது. தட்டத் திருப்புத நேரம் வருது. அதோட செத்துப் போவுது. கருவியில நம்பரு மட்டும் அப்படியே நிக்கி. இதோட மூணு தடவ அணைச்சுப் போட்டாச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "நேத்து வரைக்கும் திருப்பிச்சு, ஒண்ணும் ஆவல. இன்னைக்குத் திருப்பப்பிடாத நாளு. அதுல என்னமோ இருக்கு, பாருங்க."

முப்பது வருட அனுபவம் உள்ளவன் இரண்டு நாள் துழாவிக் கண்டுபிடிக்க வேண்டியதை, ஒரு பெண் கொதிநீர் ஊற்றிக்கொண்டே கண்டுபிடித்து வைத்திருந்தார். எனக்குப் பதினெட்டாம் நாள் வரி கண்முன் வந்தது. நாகரிகமாக விடைபெறும் வரி. அது முதன்மை நிரலையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

வாசலில் அதற்குள் மூன்று நான்கு பெண்கள் வந்து நின்றார்கள். முட்டை கொடுத்தவர்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

மடிக்கணினியைத் திறந்து கருவியோடு இணைத்தேன். ஸ்கிரிப்டைக் கூப்பிடும் இடத்தைச் சுற்றி ஒரு வலை கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். உள்ளே என்ன நடந்தாலும், எக்ஸிட்டோ, எக்ஸப்ஷன் என்னும் பிழைக் குரலோ எது வந்தாலும் பிடித்து அமுக்கிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மேலே போகும்படி. புதிய முதன்மை நிரலை அங்கேயே ஏற்றிவிடலாம், இருபது நிமிட வேலை. அதற்கு முன் ஒரு புண்ணியம் செய்தேன். அலுவலகத்தில் அந்த முதன்மை நிரலின் பெரும்பகுதியை எழுதிய பெண்ணைக் கூப்பிட்டேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருடம் ஆனவர். பெயர் வேண்டாம் என்று கட்டளை; இன்று உங்களில் சிலருக்கு விடுப்புக் கையெழுத்துப் போடுவது அவர்தான். ஞாயிறு அன்று வடகரையில் வீட்டில் இருந்தார். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி, வலை கட்டப்போகிறேன் என்றும் சொன்னேன்.

"சார், மொதல்ல கீபோர்டுல இருந்து கைய எடுங்க."

எடுத்தேன். அவருக்கு என்னைவிட முப்பது வயது குறைவு. ஆனாலும் எடுத்தேன்.

எல்லாவற்றையும் பிடித்து அமுக்கினால், தட்டைத் திருப்பும் மோட்டார் மாட்டிக்கொண்டு ஸ்கிரிப்ட் கதறினாலும் நமக்குக் கேட்காது, அப்புறம் பச்சையைப் பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார். அதுவும் உயிர் உள்ள முட்டை மேல் புது நிரலை ஏற்றி, அதில் இன்னொரு தப்பு இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். பிறகு மெதுவாக ஒரு கேள்வி.

"இனிமே அந்த முட்டையத் திருப்பணுமா சார்?"

வேண்டாம், நேற்றோடு முடிந்தது என்றேன்.

"அப்ப அந்த ஃபைலு அங்கன எதுக்கு இருக்கு?"

இதைக் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை. வெட்கம் கூடவே வந்ததால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஸ்கிரிப்ட் கோப்பு இல்லாவிட்டால் முதன்மை நிரல் 'கோப்பு இல்லை' என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். அந்தப் பகுதியை எழுதி, சோதித்தும் பார்த்தவர் அவரே. புதிதாக ஒரு எழுத்துகூட எழுத வேண்டாம். கோப்பின் பெயரை மாற்றினால் போதும். மாற்றினேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். பிறகு மூன்று பேரும் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். சண்முகத்தாய் கண்ணாடித் தெர்மாமீட்டருக்கு முன்னால், நான் கருவிக்கு முன்னால், வடகரைக்காரர் கைபேசியில். மணி ஆனது. ஹீட்டர் டக் என்று அணைந்தது. என் உயிரும் அணைந்தது. உடனே டக் என்று மறுபடி போட்டுக்கொண்டது. பதிவேட்டில் 'கோப்பு இல்லை' என்று ஒரு வரி வந்து விழுந்தது.

இளையவர்களே, நெருக்கடியில் நமக்குக் கை பரபரக்கும். எதையாவது எழுத வேண்டும் என்று தோன்றும். அந்த நேரத்தில் எதை எடுத்தால் தீரும் என்று முதலில் பாருங்கள். எழுதுவதற்குத் திங்கட்கிழமை இருக்கிறது.

திங்கட்கிழமை எழுதினோம். எழுதும் முன் வடகரைக்காரர் என்னை உட்காரவைத்து, அந்தப் பூஜ்யத்தை யார் யாருக்குச் சொன்னார்கள் என்று கேட்டார். என் ஸ்கிரிப்ட் சொன்னது, தட்டு திருப்பும் வேலை முடிந்தது என்று. தனியாக ஓடும்போது அது சரி. ஆனால் அது இன்னொருவர் வீட்டுக்குள் குடியிருக்கிறது. அந்த இன்டர்பிரட்டரில் எக்ஸிட் என்பதும் ஒருவகை எக்ஸப்ஷன்தான். மேலே மேலே போகும், யாரும் பிடிக்காவிட்டால் வீட்டையே மூடிவிடும். குடியிருந்தவர் புறப்பட்டுப் போகும்போது வீட்டுக்காரரையும் வெளியே இழுத்துப் போட்டுப் பூட்டின கதை. சாதாரணக் கோளாறாக இருந்திருந்தால் முதன்மை நிரல் தாங்கியிருக்கும். அதைப் பிடிக்கவும் பதிவு செய்யவும் எழுதியிருந்தோம். மரியாதையாக விடைபெற்றதைப் பிடிக்கத்தான் யாரும் நினைக்கவில்லை.

இதற்கும் மேலே இன்னொரு காவல் நிரல் இருந்தது. முதன்மை நிரல் கோளாறு எண்ணோடு விழுந்தால் உடனே எழுப்பும். பூஜ்யத்தோடு முடிந்தால் விட்டுவிடும், ஏனென்றால் குஞ்சு எடுத்து முடித்தவர் பொத்தானை அழுத்தினால் அது பூஜ்யத்தோடுதான் முடியும். ஆகவே அந்தப் பூஜ்யம் மேலே போகப் போக அர்த்தம் மாறிக்கொண்டே போயிற்று. ஸ்கிரிப்டுக்குத் தட்டு முடிந்தது, காவல்காரருக்கு எல்லாமே முடிந்தது, எனக்கு எல்லாம் நலம். அதனால்தான் இப்போது நம் கருவியில் ஸ்கிரிப்ட் எக்ஸிட் கேட்டால் அந்த ஸ்கிரிப்ட் மட்டும் முடியும், எண்ணைக் குறித்துக்கொள்வோம், வீடு நிற்கும். எக்ஸப்ஷன் வந்தால் வெப்பம் நிற்காது, மணி அடிக்கும். முதன்மை நிரல் எப்படிச் செத்தாலும் திரையில் பழைய எண் நிற்காது. சிவப்புக் கட்டத்துக்குள் இருப்பது இவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் அன்று இரவெல்லாம் நினைத்து நினைத்து வியர்த்தேன். நிரல் செத்தால் ஹீட்டர் கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும். எரியும்போது செத்திருந்தால் முந்நூறும் அவித்த முட்டை. ஏன் ஒவ்வொரு தடவையும் அணைந்த நிலையில் செத்தது? ஸ்கிரிப்டைக் கூப்பிடும் முன் ஹீட்டரை அணைக்கும் அந்த இரண்டு வரிகள். லைட் மங்குகிறது என்று சண்முகத்தாய் கேட்டு, நான் சிரித்துக்கொண்டே சேர்த்தது. இதை அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

"அப்ப அன்னைக்கு எதுக்குச் சிரிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை மாலை மறுபடி போனேன். குளிர்ந்த முட்டைகளுக்கு உயிர் இருக்கிறதா என்று எந்தக் கருவியும் சொல்லாது. என்னிடம் அதற்கு ஒரு குறியீடும் கிடையாது. சண்முகத்தாய் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் எடுத்து, விரிசல் விடாத ஒரு முட்டையை மெல்ல மிதக்க விட்டார். அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததால் நானும் அடக்கிக்கொண்டேன். முட்டை சும்மா மிதந்தது. சும்மாவே மிதந்தது. கிண்ணத்தை யாரோ தட்டிவிட்டது போல ஒரு சின்ன அசைவு. யாரும் தட்டவில்லை. இன்னொரு அசைவு. சண்முகத்தாய் முட்டையை எடுத்துத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டார். வந்ததிலிருந்து அவர் எனக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுத்திருக்கவில்லை.

ஆனால் ஒரு முட்டை அசைந்தால் முந்நூறும் அசைந்ததாகாது. புதன்கிழமை இருபத்தோராம் நாள். ஒன்றும் உடையவில்லை. மதியம் கூப்பிட்டேன், இல்லை என்றார். சாயங்காலம் கூப்பிட்டேன், வைங்க போனை என்றார். தெருப் பெண்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களாம். குளிர்ந்த முட்டை ஒரு நாள் தாமதமாகும் என்று எங்கேயோ படித்ததை அவரிடம் சொன்னேன். எங்கே படித்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்வதை நம்புவது என்ற பழக்கத்தை அவர் ஞாயிற்றுக்கிழமையோடு விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அலுவலகத்தில் இருந்தபோது அவர் பெயர் கைபேசியில் வந்தது. எடுப்பதற்கு முன் வடகரைக்காரரைப் பார்த்தேன். ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். போட்டேன். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"பேசாதீங்க அண்ணாச்சி. நான் போனப் பொட்டிக்குள்ள வைக்கேன். கேளுங்க."

பெட்டிக் கதவு திறக்கும் சத்தம். அப்புறம் மழை ஓட்டில் விழுவது மாதிரி, சன்னமாக, நிறுத்தாமல், எண்ண முடியாத அளவுக்குக் கீச் கீச் என்று. அறையில் இருந்த ஒவ்வொருவரும் எழுந்து மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். வடகரைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவர் போனை வெளியே எடுத்ததும், எல்லா வீட்டுக்கும் வந்திருக்கிறதா என்று கேட்டேன்.

"எல்லா வீட்டுக்கும் உண்டு. கொஞ்சம் பொரிக்கல. அது கோழி வச்சாலும் அப்படித்தான்." பின்னாலிருந்து பெண்கள் சிரிக்கும் சத்தம், யாரோ அவரைக் கூப்பிடும் சத்தம். "சரி, வச்சிருதேன். எனக்கு இங்கன தலைக்கு மேல வேலை கெடக்கு."